இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்: பிஸ்டனை மாற்றும் முன்

யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள்களுக்குச் சிங்கப்பூர்ச் சாலைகளில் இனி அதிக காலம் இல்லை. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை, பழங்கால வாகனத் திட்டங்களில் உள்ளவை தவிர, 2028 ஜூன் 30க்குப் பிறகு ஓட்ட முடியாது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் 2018ல் அறிவித்தது. அதுவரை ஓட்ட விரும்புவோர், பிஸ்டன் ஏன் கெட்டது என்று அறிந்த பிறகே புதியதற்குச் செலவிடுவது நல்லது.

உதைக்கும்போது எதிர்ப்பு குறைவது, இழுவை குறைவது, சிலிண்டரில் கலகலவென்ற சத்தம் ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். கியர் எண்ணெய் குறைந்து, அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் கசியக்கூடும். பிஸ்டனை மாற்றினாலும் புகை நிற்காது. மேக்னட்டோ பக்கத்து சீல் கசிந்தால் காற்று புகுந்து கலவை மெலியும்; சூட்டில் புதிய பிஸ்டனும் இறுகிவிடும்.

சிலிண்டரில் ஆழமான கீறல் இருந்தால் அதைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடவேண்டும். ஆர்எக்ஸ்இசட் சிலிண்டரின் மூல விட்டம் 56 மில்லிமீட்டர். கடைந்தபின் போர்ட் ஓரங்களை மழுக்காவிட்டால் ரிங் மாட்டி உடையும்.

பிஸ்டனின் அம்புக்குறி புகைபோக்கிப் பக்கம் இருக்கவேண்டும். ரிங்கின் முனைகள் பள்ளத்திலுள்ள சிறு ஊசிக்கு இருபுறமும் அமரவேண்டும். பிஸ்டன் பின்னின் கிளிப்புகளும் கேஸ்கட்டுகளும் புதியவையாக இருக்கவேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கவேண்டும்.

ஆயில் பம்ப் குழாயில் காற்று தங்கினால் எண்ணெய் போகாது. அதை வெளியேற்றிய பிறகே இன்ஜினைக் கிளப்பவேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு வேகம் கூடாது.