வண்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்

அமெரிக்காவின் வயோமிங் போன்ற மேற்கு மாநிலங்களில் கோடைக்காலத்தில் ஒரு சுற்றுலா நடக்கிறது. வெள்ளைக் கித்தான் கூரை போட்ட மரவண்டிகள் வரிசையாகப் போகும். இழுப்பது குதிரைகள். இரவில் கூடாரம், நெருப்பைச் சுற்றிப் பாட்டு, கனத்த இரும்புச் சட்டியில் சமைத்த சாப்பாடு. சில நாட்கள் போய்விட்டு வந்தால், நூற்றெழுபது வருடத்துக்கு முன் மேற்கு நோக்கிப் போன ‘முன்னோடி’களின் வாழ்க்கையை வாழ்ந்து பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். சில வண்டிகளுக்கு ரப்பர் டயர்கூட உண்டு. அதில் நமக்கு ஒன்றும் புகார் இல்லை, முதுகுவலி எல்லோருக்கும் பொதுதான். நாம் கேட்பது வேறு: இந்த நாடகத்தில் யாருடைய வேடம் பயணிக்குக் கிடைக்கிறது? யாருடைய வேடமே இல்லை?

முதலில் அசல் பயணம். மிசூரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஆரிகன் வரை சுமார் 3,200 கிலோமீட்டர். நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். வண்டி இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். உள்ளே மாவு மூட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி, ஏர்க்கருவி என்று அடைத்திருக்கும். ஸ்பிரிங் கிடையாது. அதனால் கைக்குழந்தைகள், நோயாளிகள் போலச் சிலரைத் தவிர மற்றவர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள். வழியில் அதிகம் பேரைக் கொன்றது நோய், குறிப்பாகக் காலரா. பழங்குடிகள் பாய்ந்து தாக்குவது சினிமா பெரிதாக்கிய கதை. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். 1840 முதல் 1860 வரை பழங்குடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பழங்குடிகள் 426 பேர். வழி காட்டியதும், ஆறு கடக்க உதவியதும், உணவும் குதிரையும் விற்றதும் இதே பழங்குடிகள்தான்.

சரி, நடந்தவர்களிடம் வருவோம். எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவில்லை. தன் நிலத்தைத் தேடி நடந்தவர் உண்டு. இன்னொருவரின் சொத்தாக நடத்திக் கூட்டிப்போகப்பட்டவரும் உண்டு. பிட்டி மேசன் 1848இல் மிசிசிப்பியிலிருந்து யூட்டா வரை நடந்தார். அவரை ‘உடைமை’யாக வைத்திருந்த ராபர்ட் ஸ்மித், மார்மன் சபையில் சேர்ந்து மேற்கே கிளம்பியவர். பிட்டியின் வேலை கால்நடைகளை ஓட்டிக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னால் வருவது. முன்னால் போகும் சக்கரமும் குளம்பும் கிளப்பும் புழுதி முழுக்க அவருக்கு. அதோடு சமையல், பிரசவம் பார்ப்பது, தன் மூன்று பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. பிறகு 1851இல் கலிபோர்னியாவுக்கு மீண்டும் ஒரு நீண்ட பயணம். அங்கே அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஸ்மித் அவர்களை டெக்சாஸுக்குக் கடத்தப் பார்த்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் கறுப்பின மக்கள் துணையோடு வழக்கு நீதிமன்றம் போனது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டம் தடை போட்டிருந்தது. நீதிபதி அவரைத் தன் அறைக்கு அழைத்து விசாரித்தார். 1856இல் பிட்டியோடு சேர்த்து 14 பேர் விடுதலையானார்கள். பத்து வருடம் மருத்துவச்சியாக உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கியது நிலம்.

நிலம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோம், தோழர்களே. அந்த வண்டிகள் எல்லாம் போனது அதற்குத்தான்.

1844இல் ஆரிகனின் தற்காலிக அரசு ஒரு சட்டம் போட்டது. அடிமைமுறைக்குத் தடை. கேட்க நன்றாக இருக்கிறது. கூடவே இன்னொன்று: விடுதலையான கறுப்பின ஆண்கள் இரண்டு வருடத்திலும் பெண்கள் மூன்று வருடத்திலும் வெளியேற வேண்டும். போகாவிட்டால் சாட்டையடி, 20க்குக் குறையாமல், 39க்கு மேற்படாமல். அடிமைகளும் வேண்டாம், அவர்கள் சுதந்திர மனிதர்களாகப் பக்கத்து வயலில் நிற்பதும் வேண்டாம். இதைக் கொண்டுவந்த பீட்டர் பர்னெட் பின்னாளில் கலிபோர்னியாவின் முதல் ஆளுநர் ஆனார். சாட்டையடி நடைமுறைக்கு வருமுன் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் சொல்ல வேண்டிய செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அது யாரைப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஜார்ஜ் புஷ் ஓர் உதாரணம். (அதிபர்கள் அல்ல, அவர்களுக்கு முந்தைய புஷ்.) மிசூரியில் வசதியாக இருந்த கறுப்பின விவசாயி. 1844இல் மனைவி, மக்களோடு ஆரிகனுக்குக் கிளம்பினார். வெள்ளையரான சக பயணிகள் சிலருக்குச் செலவுக்கும் உதவினார். போய்ச் சேர்ந்தபோது இந்தச் சட்டம் காத்திருந்தது. அவரும் நண்பர்களும் கொலம்பியா ஆற்றைக் கடந்து வடக்கே, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறினார்கள். சட்டம் அங்கேயும் துரத்தி வந்தது. 1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆரிகன் பகுதியில் நிலம் இலவசமாகக் கொடுத்தது: வெள்ளையருக்கும், பாதி வெள்ளையரான பழங்குடியினருக்கும் தலைக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640. கறுப்பினத்தவருக்கு ஒரு சென்ட் கிடையாது. பழங்குடிகளோடு ஒப்பந்தம் முடியும் முன்பே அவர்கள் நிலத்தைப் பங்கு போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். புஷ் உழுத நிலம் புஷ்ஷுக்குச் சொந்தமாக, அண்டை வீட்டார் மனுப்போட்டு, 1855இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரே ஒரு குடும்பத்துக்கு! பஞ்சகாலத்தில் அவர் தானியம் கொடுத்துக் காப்பாற்றிய அண்டை வீட்டார்தான் அந்த மனுவைப் போட்டார்கள். நல்ல மனிதர்கள், சந்தேகமில்லை. ஆனால் உழுதவனின் உரிமை, அடுத்தவர் நற்சான்றிதழ் கொடுத்தால்தான் செல்லும் என்ற ஏற்பாட்டை நாம் நல்லது என்று சொல்ல முடியாது. 1863இல் இறக்கும்வரை புஷ்ஷுக்கு வாக்குரிமை கிடைக்கவில்லை.

1857இல் ஆரிகன் தன் அரசியல் சட்டத்தை மக்கள் வாக்குக்கு விட்டது. அடிமைமுறை பெரும்பான்மையால் தோற்றது. கறுப்பினத்தவர் உள்ளே வரவும் குடியிருக்கவும் தடை விதிக்கும் பிரிவு அதைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது: 8,640க்கு 1,081.

ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’யை வெளியிட்டபோது, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கே அதை அர்ப்பணித்தார். நம் மரபில் அது பெருமைக்குரிய பக்கம். அவர் பாராட்டியது சரிதான். அதே வருடம் ஆரிகனின் அரசியல் சட்டத்தில் அந்தத் தடைப்பிரிவு எழுத்தில் அப்படியே இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய திருத்தங்களால் அதற்குச் சட்டபலம் போய்விட்டது. ஆனால் யாரும் அழிக்கவில்லை.

நம்மில் யாராவது படிக்கவோ வேலைக்கோ அங்கே போய், அந்த வண்டியில் ஏற வாய்ப்பு வந்தால் ஏறுங்கள். நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். இரவு நெருப்பருகே கதை சொல்பவரிடம் பிட்டி மேசன் பற்றியும் ஜார்ஜ் புஷ் பற்றியும் கேளுங்கள். பகலில் கொஞ்ச தூரம் இறங்கி, கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்து பாருங்கள்.

அந்தத் தடைப்பிரிவை ஆரிகன் நீக்கியது 1926இல். மிச்சமிருந்த இனவாதச் சொற்களை அழிக்க 2002இல் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது, தீர்மானம் வென்றது. வேண்டாம், அழிக்காதீர்கள் என்று அன்றைக்கு வாக்களித்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர்.