கிரேக்கத் திருமுழுக்கு விழா

கிரேக்கத் திருமுழுக்கு விழா என்பது கிரேக்க மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்களில், குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அளிக்கப்படும் நாளில் நடைபெறும் சடங்கும் விருந்தும் சேர்ந்த கொண்டாட்டம் ஆகும். இது கிரேக்க மொழியில் வாப்டிசி என அழைக்கப்படுகிறது. குழந்தையைத் திருச்சபையில் சேர்க்கும் அருட்சாதனமாக இருப்பதோடு, மரபுப்படி குழந்தை தன் பெயரைப் பெறும் நாளாகவும், இரத்த உறவு இல்லாத இரு குடும்பங்கள் உறவினராகும் நாளாகவும் இது விளங்குகிறது. விழாவில் வழங்கப்படும் இனிப்புகள், நினைவுப் பொருட்கள், விருந்து ஆகிய யாவும் இவ்விரு நிகழ்வுகளையும் ஊரறியச் செய்யும் வழிகளாக அமைந்துள்ளன.

காலம்

குழந்தை பிறந்த நாற்பதாம் நாளில் தாயும் சேயும் கோவிலுக்குச் சென்று ஆசி பெறுவர். திருமுழுக்கு அதன் பின்னரே நடைபெறுவது வழக்கம். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்கள் முதல் ஒன்றரை வயது வரையிலான பருவத்தில் திருமுழுக்குப் பெறுகின்றனர். உயிர்த்த ஞாயிறு முடிந்த பின் வரும் இளவேனில், கோடை மாதங்களின் வார இறுதி நாட்களே அதிகம் விரும்பப்படுகின்றன. குழந்தை உயிருக்குப் போராடும் நிலையில், நீரோ குருவோ கிடைக்காதபோது, மரபுவழிக் கிறித்தவர் ஒருவர் குழந்தையை மூன்று முறை மேலே தூக்கி, மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்கு அளிக்கலாம். இது 'காற்றுத் திருமுழுக்கு' எனப்படும். குழந்தை பிழைத்துக்கொண்டால் எஞ்சிய சடங்குகள் பின்னர் கோவிலில் நிறைவு செய்யப்படும்.

ஞானப் பெற்றோர்

குழந்தையின் சார்பில் விசுவாச அறிக்கை செய்பவர் ஞானத்தந்தை (நொனோஸ்) அல்லது ஞானத்தாய் (நொனா) ஆவார். இவர் மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒருவர் இருந்தாலே போதுமானது. குழந்தையின் புத்தாடை, கழுத்தில் அணிவிக்கும் சிலுவை, அலங்கரிக்கப்பட்ட பெரிய மெழுகுவர்த்தி (லம்பாதா), எண்ணெய், சவர்க்காரம், குழந்தையைத் துடைத்துப் போர்த்தும் வெண்துணி (லதோபனோ) ஆகியவற்றை வாங்கி வருவது இவரது கடமையாகும். விருந்துச் செலவைப் பொதுவாகப் பெற்றோர் ஏற்கின்றனர்.

ஞானப் பெற்றோரும் குழந்தையின் பெற்றோரும் ஒருவரையொருவர் கும்பாரோஸ் (பெண்பால்: கும்பாரா) என விளிப்பர். இவ்வுறவு திருச்சபைச் சட்டத்தால் காக்கப்படுகிறது. கி.பி. 692-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய துருல்லோ சங்கத்தின் 53-ஆவது விதி, ஆவிக்குரிய உறவு உடல் வழி உறவினும் மேலானது எனக் கூறி, ஞானத்தந்தை அக்குழந்தையின் விதவைத் தாயை மணப்பதைத் தடை செய்தது. ஒரே ஞானத்தந்தையைக் கொண்ட ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் மணக்கக் கூடாது என்ற கருத்தும் மக்களிடையே பரவியது. ஆகவே பல ஊர்களில் ஒருவர் ஆண் குழந்தைகளுக்கு மட்டும் அல்லது பெண் குழந்தைகளுக்கு மட்டும் ஞானப் பெற்றோராக நிற்பதை வழக்கமாகக் கொண்டனர்.

கோவிலில் நடைபெறும் சடங்கு

சடங்கு கோவிலின் நுழைவு மண்டபத்தில் தொடங்குகிறது. ஞானத்தந்தை மேற்கு நோக்கி நின்று சாத்தானை மறுத்துரைத்து, பின் கிழக்கு நோக்கித் திரும்பி விசுவாச அறிக்கையைச் சொல்கிறார். அதன்பின் குழந்தையின் உடல் முழுவதும் ஒலிவ எண்ணெய் பூசப்படுகிறது. குரு குழந்தையைத் திருமுழுக்குத் தொட்டியில் மூன்று முறை முழுமையாக அமிழ்த்தி எடுக்கிறார். நறுநெய்ப் பூசுதலும் நற்கருணையும் அதே நாளில் அளிக்கப்படுவது கிழக்கத்திய மரபின் சிறப்பாகும். குழந்தையின் முடி சிலுவை வடிவில் நான்கு இடங்களில் சிறிதளவு கத்தரிக்கப்படுகிறது. பின்னர் புத்தாடை அணிந்த குழந்தையுடன் தொட்டியைச் சுற்றி மூன்று முறை வலம் வருவர்.

எண்ணெயும் நறுநெய்யும் புனிதமானவை என்பதால், குழந்தையை முதலில் குளிப்பாட்டிய நீரும், வெண்துணியை அலசிய நீரும் சாக்கடையில் விடப்படுவதில்லை. அவை கடலிலோ, செடிகளின் வேரிலோ ஊற்றப்படுகின்றன.

பெயர் சூட்டல்

மரபுப்படி, திருமுழுக்கின்போது குரு உரக்கச் சொல்லும் வரை குழந்தையின் பெயர் வழங்கப்படுவதில்லை. அதுவரை ஆண் குழந்தையைப் பெபிஸ் என்றும் பெண் குழந்தையைப் பெபா என்றும் பொதுவாக அழைப்பர். பழைய வழக்கில் பல பகுதிகளில் தாய் சடங்கில் கலந்துகொள்ளாமல் வீட்டிலோ கோவில் வாசலிலோ காத்திருந்தார். பெயர் சொல்லப்பட்டவுடன் ஊர்ச் சிறுவர்கள் ஓட்டப்பந்தயமாக ஓடிச் சென்று தாயிடம் அதை அறிவிப்பர். முதலில் வந்து சொல்லும் சிறுவனுக்குக் காசும் மற்றவர்களுக்கு இனிப்பும் கிடைக்கும். சிறுவர்களுக்கு இது விளையாட்டு. தாய்க்கோ, தான் பெற்ற குழந்தையின் பெயரைப் பிறர் சொல்லக் கேட்கும் நேரம்.

முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது பரவலான வழக்கமாகும். பெயருடன் சொத்துரிமையும் சேர்ந்து சென்ற இடங்கள் உண்டு. கார்பதோஸ் தீவில் தந்தைவழிப் பாட்டனின் பெயரைப் பெற்ற மூத்த மகன் தந்தையின் நிலத்தையும், தாய்வழிப் பாட்டியின் பெயரைப் பெற்ற மூத்த மகள் தாயின் வீட்டையும் நிலத்தையும் அடைந்தனர். இளைய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. எனவே எப்பெயர் இடுவது என்பது குடும்பங்களுக்குள் பூசலை விளைவிக்கக்கூடிய கேள்வியாக இருந்தது.

சட்டப்படி இன்று பெயரிடும் உரிமை பெற்றோருக்கே உரியது. 1983-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை அளித்தது. பெற்றோர் பதிவு அலுவலகத்தில் அளிக்கும் அறிவிப்பின் மூலமே பெயர் நிலைபெறுகிறது. திருமுழுக்கு இதற்குக் கட்டாயமன்று.

இனிப்புகளும் நினைவுப் பொருட்களும்

சடங்கு முடிந்ததும் வருகையாளர்களுக்கு மார்டிரிகா எனப்படும் சிறு சிலுவைகள் வழங்கப்படுகின்றன. இவை நாடாவில் கோத்து ஊசியால் ஆடையில் குத்தப்படுபவை. 'சாட்சி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இதை அணிந்தவர் திருமுழுக்கைக் கண்ட சாட்சி ஆகிறார். எழுத்துப் பதிவுகள் அரிதாக இருந்த ஊர்களில் இத்தகைய சாட்சிகளே நினைவேடாக விளங்கினர்.

விடைபெறும்போது பொம்பொனியேரா எனப்படும் சிறு பொதி வழங்கப்படுகிறது. மெல்லிய வலைத்துணியில் கூஃபேட்டா, அதாவது சர்க்கரை பூசிய பாதாம் பருப்புகள், கட்டப்பட்டிருக்கும். இவை ஐந்து அல்லது ஏழு என ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருத்தல் வேண்டும். பாதாமின் இலேசான கசப்பும் சர்க்கரையின் இனிப்பும் வாழ்வின் இரு சுவைகளைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. கூஃபேட்டா என்ற சொல் இத்தாலிய மொழியின் கன்ஃபெட்டோ என்பதிலிருந்து பிறந்தது. இத்தாலியிலும் பிரான்சிலும் திருமுழுக்கு நாளில் இதே இனிப்பு வழங்கப்படுகிறது. இத்தாலியின் சுல்மோனா, பிரான்சின் வெர்டன் ஆகிய ஊர்கள் இதன் தயாரிப்பிற்குப் பெயர் பெற்றவை.

பொதியைப் பெறுபவர் பெற்றோரிடம் "நா சாஸ் ஸீசி" என வாழ்த்துவார். 'உங்களுக்காகக் குழந்தை நீடு வாழட்டும்' என்பது இதன் பொருள்.

விருந்து

விருந்து வீட்டு முற்றத்திலோ, ஊர்ச் சதுக்கத்திலோ, உணவகத்திலோ நடைபெறுகிறது. வாட்டிய ஆட்டுக்குட்டி அல்லது வெள்ளாட்டு இறைச்சி, பாலாடைக்கட்டி, கீரை அடைகள், திராட்சை இலையில் பொதிந்த சோறு, தயிர்ப் பச்சடி, திராட்சை மது ஆகியவை பொதுவான உணவுகள். இசையும் கைகோத்து ஆடும் வட்ட நடனங்களும் இரவு வரை தொடரும். வட்டாரத்திற்கு ஏற்பச் சிறப்பு உணவுகள் வேறுபடுகின்றன:

- கிரீட்: இறைச்சி வேகவைத்த சாற்றில் சமைக்கப்படும் கமோபிலாஃபோ எனும் சோறு. 'திருமணச் சோறு' எனப் பொருள்பட்டாலும் திருமுழுக்கு விருந்திலும் இடம்பெறும். சுருளாகப் பொரித்துத் தேன் ஊற்றிய செரோடிகானா இங்கு இனிப்பாகும்.
- பெலோபொனேசு: மெல்லிய மாவுத் தகடுகளை மடித்துப் பொரித்து, தேனும் வாதுமைக் கொட்டையும் தூவிய திப்லெஸ்.
- ரோட்சு: எள்ளும் தேனும் கொண்டு, நம் எள்ளுருண்டையை ஒத்த சுவையில் செய்யப்படும் மெலெகூனி. திருமணத்திலும் திருமுழுக்கிலும் விருந்தினருக்கு அளிக்கப்படுகிறது.

உறவும் சமாதானமும்

ஞானத்தந்தையைத் தேர்ந்தெடுப்பது சமூக வாழ்வில் முக்கிய முடிவாகும். மானிடவியலாளர் ஜான் கேம்பல், 1964-இல் வெளிவந்த தம் நூலில், எப்பைரசு மலைகளின் சரகத்சானி இடையர்கள் ஊர்த் தலைவர்களையும் வணிகர்களையும் ஞானத்தந்தையாக ஏற்று, அவர்களது பாதுகாப்பைப் பெற்றதை விவரித்துள்ளார். மேய்ச்சல் நிலத்திற்குப் பிறரைச் சார்ந்திருந்த இடையர்களுக்கு அது வாழ்வாதாரத்திற்கான பிணைப்பாக இருந்தது.

கிரீட்டின் மலைப்பகுதியில் இவ்வுறவு சிந்தெக்னியா எனப்படுகிறது. ஆட்டுத் திருட்டினால் பகைகொண்ட குடும்பங்கள், ஒருவர் குழந்தைக்கு மற்றவர் ஞானத்தந்தையாக நிற்பதன் மூலம் பகை தீர்த்துக்கொள்வது உண்டு. உறவான பின் ஒருவர் மந்தையில் மற்றவர் கை வைத்தல் பெரும் இழிவாகக் கருதப்படும். இத்தகைய விழாக்களில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதே சமாதானத்தின் பகிரங்க அறிவிப்பாகும்.

இன்றைய நிலை

தாய் வெளியே காத்திருக்கும் வழக்கம் பெரிதும் மறைந்து, பெற்றோர் இருவரும் தொட்டியருகே நிற்கின்றனர். 2009-இன் பிற்பகுதியில் தொடங்கிய பொருளாதார நெருக்கடிக்குப் பின், செலவைக் குறைக்கப் பெற்றோரின் கோவில் திருமணத்தையும் குழந்தையின் திருமுழுக்கையும் ஒரே நாளில், ஒரே விருந்துடன் நடத்தும் முறை பரவலானது. குழந்தையின் பெயரைப் பிறந்தவுடனேயே வழங்கும் குடும்பங்களும் பெருகியுள்ளன. எனினும் மார்டிரிகாவும் ஒற்றைப்படைப் பாதாமும் ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் வாழும் கிரேக்கரிடையேயும் வழக்கில் உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

- திருமுழுக்கு
- கிழக்கு மரபுவழித் திருச்சபை
- கிரேக்கச் சமையல்
- கிரீட்