7 கிலோவும் 50,000 அடியும்

நாலு நாளாக மயிலாப்பூர் வீட்டுக் கட்டிலில் என் கேமரா சாமான்கள் பரப்பிக் கிடக்கின்றன. பினாங்கில் சித்தப்பாவின் பேத்திக்குக் கல்யாணம். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. கேமரா ஒன்று, லென்ஸ் நான்கு, முக்காலி, பிளாஷ். உதிரி பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போட முடியாது, கையோடு வைத்திருக்க வேண்டும். எடை பார்த்தால் 9 கிலோ. "கல்யாணத்துக்குப் போறோமா, சண்டைக்குப் போறோமா?" என்று கேட்டுவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள்.

முடிவெடுப்பதைத் தள்ளிப்போட அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. காந்தி பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தின் கதை, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது.

செட்டியார் 1911இல் கோட்டையூரில் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் முறையாகப் புகைப்படக்கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்தியின் பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோது காந்தியின் வாழ்க்கையைப் படமாக எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. அப்போது வயது 25.

இரண்டு நாடுகளில் தொழில் கற்றவர், நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர் முன்னால் நின்ற சிக்கல் வேறு. தண்டி யாத்திரை 1930லேயே முடிந்துவிட்டது. வட்டமேசை மாநாட்டுக்குக் காந்தி லண்டன் போய் வந்தது 1931. நடந்து முடிந்ததை எந்த லென்ஸாலும் திரும்பப் பிடிக்க முடியாது. அந்தக் காட்சிகளை யார் யாரோ எடுத்திருந்தார்கள். செய்திப்படக் கம்பெனிகளின் கிடங்குகளிலும் தனியார் வீடுகளிலும் சுருள்கள் சிதறிக் கிடந்தன. ஆகவே செட்டியார் ஊர் ஊராகப் போனது படம் பிடிக்க மட்டுமல்ல. பிடித்த படம் எங்கே இருக்கிறது என்று தேடி, கேட்டு, நகல் வாங்கவும் போனார்.

இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று சுமார் ஒரு லட்சம் மைல். சேர்ந்தது 50,000 அடி பிலிம். 35 மி.மீ. பேசும்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படிப் பார்த்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். எடை 100 கிலோவைத் தாண்டும். அத்தனையும் ஒரே மூட்டையாகத் தூக்கி வந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அன்றைய 35 மி.மீ. பிலிம் நைட்ரேட் வகை. தீப்பிடித்தால் அணைப்பது கடினம். அதோடு ஒப்பிட்டால் என் பேட்டரிகள் பரம சாது.

அவ்வளவையும் 12,000 அடியாகச் சுருக்கினார். 1940 ஆகஸ்ட் 23 அன்று புரசைவாக்கம் ராக்ஸி தியேட்டரில் தமிழ்ப் படம் வெளியானது. பிறகு தெலுங்கு, இந்தி. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம்.

காந்தியைப் படமெடுத்த இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார்: சேவாகிராமத்தில் இருந்த கனு காந்தி. பிர்லா கொடுத்த 100 ரூபாயில் வாங்கிய ரோலிபிளெக்ஸ்தான் அவருடைய கேமரா. காந்தி அவருக்கு மூன்று நிபந்தனை போட்டார். பிளாஷ் கூடாது. போஸ் கொடுக்கச் சொல்லக் கூடாது. ஆசிரமம் காசு தராது. அத்தனை நெருக்கமான படங்கள் அந்த மூன்றுக்குள் நின்று எடுத்தவைதான்.

செட்டியாரின் சேகரிக்கும் குணம் படத்தோடு நிற்கவில்லை. சென்னையிலிருந்து அவர் நடத்திய 'குமரி மலர்' பழைய எழுத்துகளைத் தேடித் தேடி மறுபடி அச்சிட்டது. பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் 'தமிழ்நாடு' என்று ஒரு தொகுப்பும் போட்டார். அடையாறு தாண்டித் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அந்தச் சேகரிப்பைத் தொடங்கிய முத்தையாவும் அதே கோட்டையூர்க்காரர். அடுத்தவர் தூக்கிப் போட்ட காகிதத்தைப் பத்திரப்படுத்திய இருவரும் ஒரே ஊர்.

புத்தகத்தை மூடிவிட்டுக் கட்டிலைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு அங்கே தொழில்முறை போட்டோகிராபர் வரத்தான் போகிறார். டிரோன் கூட இருக்குமாம். நான் எடுக்கப் போகும் ஆயிரத்து ஓராவது முகூர்த்தப் படம் யாருக்கு வேண்டும்? பினாங்கில் இருப்பது வேறு. தாத்தா கப்பலேறிப் போன பிறகு எடுத்த படங்கள். எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, தாத்தா காலத்து ஆல்பம் ஏதாவது இருக்கா?"

"அலமாரிக்கு மேல இருக்கும்பா. பூஞ்சை பிடிக்காம இருந்தா சரி. இப்ப யாரு அதையெல்லாம் பார்க்கிறாங்க?"

பெரிய ஜூம் லென்ஸ், பிளாஷ், முக்காலி மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கிட்டத்தில் வைத்துப் பிரதி எடுக்க மேக்ரோ லென்ஸ் ஒன்று, ஊருக்குச் சாதாரண லென்ஸ் ஒன்று, காலி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஆல்பத் தூசி தட்ட ஒரு மென்மையான பிரஷ், பின்னால் பெயர் எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. மறுபடி எடை போட்டேன். 5 கிலோ சொச்சம்.

மிச்சம் வரும்போது கொண்டுவர.