பெயர் சொன்னால் போதுமா?



செக்ரோல் புத்தகம் என்றால் என்னவென்று நம் தோட்டத்து வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயரை வாசிப்பார். வந்தவருக்குப் பேர் விழும். ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்லி ஏமாற்ற முடியாது. கங்காணிக்கு எல்லாருடைய முகமும் தெரியும்.

கம்பியின் மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அந்த வசதி இல்லை. பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்கள் ஆட்களின் பெயர்களைக் கணினியில் ஒரு பதிவேடாக வைத்திருக்கின்றன. உள்ளே வர விரும்புகிறவரின் பெயர் ஏட்டில் உண்டா என்று பார்ப்பது சுலபம். சொன்ன பெயர் அவருடையதுதானா என்பதே சிக்கல். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. சிங்கப்பூரில் அடையாள அட்டை எண்ணையே கடவுச்சொல்லாகப் பயன்படுத்திய நிறுவனங்கள் அப்பழக்கத்தை விட வேண்டுமென்று 2025 ஜூன் மாதம் அரசு அமைப்புகள் கேட்டுக்கொண்டன. பலரும் அறிந்த எண் எப்படி இரகசியமாகும்?

நல்ல கடவுச்சொல்லிலும் ஒரு குறை உண்டு. நம்மை நிரூபிக்க, அந்த இரகசியத்தையே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேட்பவன் போலியாக இருந்தால் கள்ளன் கையிலேயே சாவியைக் கொடுத்தவர்களாவோம்.

இதற்கு வழி 1976-இல் பிறந்தது. அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு திறவுகோல்கள் இருக்கட்டும் என்றார்கள். ஒன்றை ஊரறியச் சொல்லலாம். மற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். தனித் திறவுகோலால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். இரகசியம் கைமாறுவதில்லை. பொதுத் திறவுகோல்களைத் தொலைபேசிப் புத்தகம் போன்ற ஒரு பொது ஏட்டில் எழுதி வைப்பதே அன்றைய யோசனை. மறு ஆண்டே எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் அதைச் செயல்படுத்தும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அந்த ஏட்டையே ஒருவன் திருத்திவிட்டால்? ஒவ்வொரு தடவையும் எல்லாரும் அந்த ஒரே ஏட்டை வந்து கேட்டால் அது தாங்குமா?

இங்கேதான் கோன்ஃபெல்டர் என்ற எம்.ஐ.டி. மாணவர் வருகிறார். 1978-இல் இளங்கலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் அவர் சொன்ன வழி மிக எளியது. ஒருவரின் பெயரையும் பொதுத் திறவுகோலையும் ஒரே சீட்டில் சேர்த்து, நம்பிக்கைக்குரியவர் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், ஏட்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். அச்சீட்டுக்குச் சான்றிதழ் என்று பெயர் வைத்தார். மலாயாவில் 1948-இல் அவசரகாலம் தொடங்கியபோது அடையாள அட்டை வந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சாலைத் தடுப்பில் நின்ற காவலர் தலைமை அலுவலகத்தைக் கேட்கப் போகவில்லை. அட்டையிலிருந்த படத்தை எதிரே நின்றவரின் முகத்தோடு ஒப்பிட்டார். சான்றிதழின் வேலையும் அத்தகையதே. படம் இருந்த இடத்தில் திறவுகோல். இன்று வங்கிக் கணக்கிலிருந்து வரிக் கணக்குவரை இதை நம்பியே நடக்கின்றன. அந்த மாணவரின் பெயரைச் சொல்வோர்தாம் குறைவு.

ஏட்டின் குறையைப் போக்கப் பிறந்த சான்றிதழ், 1988-இல் ஏட்டின் வாசலுக்கே காவலாக வந்தது. அவ்வாண்டு எக்ஸ்.500 என்ற அனைத்துலகப் பதிவேட்டு விதிகளோடு, அதில் நுழைவோரைச் சோதிக்க எக்ஸ்.509 என்ற விதியும் வெளியாயிற்று. எக்ஸ்.500 பெரும் சுமையாக இருந்ததால், 1993-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரின் பங்களிப்போடு எல்டேப் என்ற இலகுவான முறை வந்தது. 1997 டிசம்பரில் அதன் மூன்றாம் பதிப்பு வெளியானபோது முதல் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது: ஆளைச் சோதிக்கும் கட்டாய முறை வகுக்கப்படும்வரை, ஏட்டைத் திருத்தும் வசதியோடு இதைப் புழக்கத்துக்கு விட வேண்டாம். தாங்கள் செய்த பொருளின் மேலேயே இப்படி எழுதிவைத்த நேர்மையை நாம் மெச்ச வேண்டும். 2000 மே மாதம் அந்த முறை வகுக்கப்பட்டது. சான்றிதழ் கொண்டு நுழையும் வழியும் அதில் இடம் பெற்றது.

அதை அமைப்பது எப்படி? பணியாளரின் கணினியிலோ சில்லு அட்டையிலோ இரு திறவுகோல்கள் உருவாகும். தனித் திறவுகோல் அங்கேயே தங்கும். பெயரும் பொதுத் திறவுகோலும் சான்றளிக்கும் அலுவலகத்துக்குப் போகும். அங்கு ஆளை விசாரித்தபின் கையொப்பமிட்டுத் தருவார்கள். பதிவேட்டுக் கணினிக்கு மூன்று கட்டளைகள் தர வேண்டும்: இந்த அலுவலகத்தின் கையொப்பத்தை நம்பு, வருபவரிடம் சான்றிதழ் கேள், அதிலுள்ள பெயர் ஏட்டில் எந்த வரிக்கு உரியது என்று பார். நுழையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு கையொப்பம் இட வேண்டும். சான்றிதழை நகலெடுத்தவனிடம் தனித் திறவுகோல் இல்லாததால் அவனால் அது முடியாது.

மலேசியாவில் சான்றளிக்கும் அலுவலகங்களுக்கு உரிமம் வேண்டுமென்ற இலக்கமுறைக் கையொப்பச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டு, 1998 அக்டோபர் முதல் தேதி நடப்புக்கு வந்தது. 2001-இல் அறிமுகமான மைகார்டின் சில்லிலும் இத்தகைய சான்றிதழுக்கு இடம் வைத்தார்கள்.

அட்டை தொலைந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். சான்றளித்த அலுவலகம் அதை இரத்துப் பட்டியலில் சேர்க்கும். அதுவும் போதாது, ஒவ்வொரு நுழைவின்போதும் அப்பட்டியலைப் பார்க்கும்படி பதிவேட்டுக் கணினிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், தொலைந்த அட்டையும் அதன் இரகசிய எண்ணும் கிடைத்த எவனுக்கும் காலாவதி நாள்வரை கதவு திறந்துகொண்டே இருக்கும்.