கோள்களின் பருமன்: அளந்தறிந்த வரலாறு

சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களில் மிகப் பெரியது வியாழன். நடுக்கோட்டில் அதன் விட்டம் 1,42,984 கி.மீ. அடுத்து சனி (1,20,536), யுரேனஸ் (51,118), நெப்டியூன் (49,528), பூமி (12,756), வெள்ளி (12,104), செவ்வாய் (6,792), புதன் (4,879) என்று வரிசை இறங்குகிறது. ஒரு கோளின் விட்டத்தைக் கணக்கிட இரண்டு விவரங்கள் வேண்டும்: வானில் அது எவ்வளவு கோணத்தை அடைக்கிறது, நம்மிடமிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் இரண்டுமே தவறாக இருந்தன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, வானில் தெரியும் சூரிய வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வெள்ளிக்கு என்றும், பன்னிரண்டில் ஒரு பங்கு வியாழனுக்கு என்றும், பதினைந்தில் ஒரு பங்கு புதனுக்கு என்றும் கொண்டார். அவர் கணக்கில் வியாழனின் விட்டம் பூமியைப்போல் நாலரை மடங்குகூட இல்லை. சூரியனுடையதே ஐந்தரை மடங்குதான். 499 அளவில் இயற்றப்பட்ட ஆரியபடீயம் பூமிக்கு 1,050 யோசனையும் சந்திரனுக்கு 315 யோசனையும் விட்டமாகச் சொல்கிறது. இரண்டுக்குமுள்ள விகிதம் 3.33, உண்மை 3.67. அந்தக் காலத்துக்கு இது அபாரமான நெருக்கம். ஆனால் அதே நூல், சந்திரனின் தொலைவில் வைத்து எண்ணினால் வெள்ளி சந்திரனில் ஐந்தில் ஒரு பங்கு, வியாழன் பத்தில் ஒரு பங்கு என்கிறபோது தாலமியைப் போலவே மிகைப்படுத்துகிறது. குற்றம் கணிதத்தில் இல்லை. பிரகாசமான புள்ளி எதுவும் வெறுங்கண்ணுக்கு ஊதிப் பெரிதாகத்தான் தெரியும்.

1610 முதல் கலிலியோவின் தொலைநோக்கி அந்த ஒளிப்பூச்சைக் களைந்தது. தீர்ப்பு வந்தது 1631 நவம்பர் 7 அன்று. சூரிய வட்டத்தின் குறுக்கே புதன் கடந்துபோகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொன்ன கெப்ளர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பாரிசில் பியேர் கஸ்ஸாந்தி இருட்டறைக்குள் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். மேகம் விலகியபோது ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தது. சூரியப்புள்ளி என்றே முதலில் நினைத்தார். அது நகர்ந்த வேகத்தைக் கண்ட பிறகுதான் புதன் என்று தெளிந்தார். பதினைந்தில் ஒரு பங்கு அகலத்தை எதிர்பார்த்த இடத்தில் அவர் அளந்தது ஏறத்தாழ 20 வில்விநாடி, அதாவது தொண்ணூறில் ஒரு பங்கு. உண்மையில் அதிலும் பாதிதான். 1639இல் இங்கிலாந்தின் மச் ஹூல் சிற்றூரில் இளைஞர் ஜெரெமையா ஹாராக்ஸ், வெள்ளியின் கடப்பை அஸ்தமனத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தில் பார்த்து, அதன் அகலம் சூரியனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று கண்டார். நான் படித்தவரையில், கோள்களின் அளவைப் பற்றிய பழைய கணக்குகளை இந்த இரண்டு நாள்களைப்போல் வேறெதுவும் கலைத்துப் போடவில்லை.

கோணம் சரியான பின் தொலைவு பாக்கி. 1672இல் வானியலாளர்கள் காசினி பாரிசிலிருந்தும் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனிலிருந்தும் செவ்வாயை ஒரே காலத்தில் நோக்கினர். அதிலிருந்து சூரியனின் தொலைவு சுமார் 14 கோடி கி.மீ. எனக் கிடைத்தது. அந்த ஒரு எண்ணால் வியாழனும் சனியும் பூதாகாரமாயின. அதைத் திருத்தமாக்க 1761, 1769 ஆண்டுகளின் வெள்ளிக் கடப்புகளுக்காக உலகெங்கும் ஆய்வாளர்கள் புறப்பட்டனர். அவர்களில் பிரெஞ்சுக்காரர் லெ ஜான்டியின் கதை நெஞ்சை உலுக்குவது. அவர் வந்துசேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. 1761 கடப்பின்போது கப்பலில் இருந்தார், ஆடும் தளத்தில் அளவெடுக்க வழியில்லை. அடுத்ததற்காக எட்டாண்டு கிழக்கிலேயே தங்கிப் புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, கடப்பு முடியும்வரை வானம் மூடியே கிடந்தது. மற்றவர்கள் சேர்த்த அளவுகளைக்கொண்டு வானியலாளர் என்கே 1824இல் சூரியனின் தொலைவை 15.3 கோடி கி.மீ. என்று கணித்தார். இன்றைய மதிப்பு 14.96 கோடி.

மிகச் சிறிய வட்டுகளுக்குத் தொலைநோக்கியால் கோணம் அளப்பதும் போதவில்லை. அவற்றுக்கு விண்மீன் மறைப்பு கைகொடுத்தது. ஒரு பொருள் விண்மீனை எத்தனை விநாடி மறைக்கிறது என்பதை அதன் வேகத்தால் பெருக்கினால், வட்டின் குறுக்கே ஒரு கோட்டின் நீளம் கிடைக்கும். இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு கோடுகள் கிடைத்தால் முழு வட்டத்தையும் வரைந்துவிடலாம். 1972 ஜூன் 7 அன்று வியாழனின் நிலவான கானிமீட் இப்படி ஒரு விண்மீனை மறைத்ததை, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரும் ஜாவாவின் லெம்பாங்கும் பதிவுசெய்தன. அவ்வாண்டுதான் காவலூருக்கு 1 மீட்டர் தொலைநோக்கி வந்திருந்தது. கிடைத்த விட்டம் சுமார் 5,270 கி.மீ.; பின்னாளில் விண்கலங்கள் தந்தது 5,268. புதன் என்னும் கோளைவிட ஒரு நிலவு பெரியது.

விளிம்பு எது என்பதும் எளிய கேள்வியன்று. பெருங்கோள்களுக்குத் தரையே இல்லாததால், வளிமண்டல அழுத்தம் 1 பார் ஆகும் மட்டத்தையே விளிம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்துமணி நேரச் சுழற்சியில் சனி இடுப்பில் பிதுங்கி, துருவ விட்டம் நடுக்கோட்டு விட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு பூமி அளவு குறைகிறது. சனியின் நிலவு டைட்டன்தான் நிலவுகளில் பெரியது என்று நெடுங்காலம் எண்ணியதற்குக் காரணம் அதன் தடித்த வளிமண்டலம். 1980இல் வாயேஜர் 1 நெருங்கிப்போனபோது திடப்பரப்பின் விட்டம் 5,150 கி.மீ. என்று தெரிந்து, முதலிடம் கானிமீடுக்குப் போனது.

புளூட்டோவோ அளக்க அளக்கச் சிறுத்தது. 1930இல் கண்டுபிடித்தபோது பூமியை ஒத்தது என்று கருதினர். 1950இல் வானியலாளர் கைப்பர், பாலமர் தொலைநோக்கியால் அளந்து, பூமியில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்றார். 1976இல் அதன்மேல் மீத்தேன் உறைபனி தெரியவந்தது. பனி ஒளியை நன்றாகத் திருப்பும் என்பதால், தெரியும் வெளிச்சத்துக்கு இன்னும் சிறிய உருவமே போதும். 1978இல் அதன் நிலவு சாரன் அகப்பட, அந்த நிலவின் சுற்றைக்கொண்டு கணித்த நிறையும் சரிந்தது. 2005இல் கண்டறிந்த ஏரிஸ் என்னும் இன்னொரு சிறு உலகம் புளூட்டோவைவிடப் பெரியதாகத் தோன்றியது. 2006 ஆகஸ்டில் புளூட்டோ கோள் வரிசையிலிருந்து நீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2010இல் ஏரிஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது விட்டம் 2,326 கி.மீ. என்று கிடைத்தது. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடந்து அளந்தது 2,377 கி.மீ. பருமனில் புளூட்டோவே பெரியது. நிறையில் ஏரிஸ் கால் பங்குக்குமேல் கூடுதல்.