பதிவேட்டில் ஓ.டி.

குடியரசு தின அணிவகுப்பைப் பார்த்ததும் ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948-ல் சட்டம் இயற்றி என்.சி.சி.யைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே மாணவியர் பிரிவும் வந்தது. சீனப் போருக்குப் பிறகு, 1963-ல், கல்லூரிகளில் அதைக் கட்டாயமாக்கி, 1968-ல் மறுபடியும் விருப்பப் பயிற்சி ஆக்கிவிட்டார்கள். 1965, 1971 போர்களின்போது இந்தப் பிள்ளைகள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவினார்கள். மீட்புப் பணி, போக்குவரத்து ஒழுங்கு என்றும் நின்றார்கள். அப்படிப் போனவனை 'வரவில்லை' என்று எழுதினால் தகுமா? அதற்குத்தான் பதிவேட்டில் 'ஓ.டி.' என்ற இரண்டு எழுத்து. பணியில் இருக்கிறான் என்று பொருள்.

அந்த இரண்டு எழுத்தை நான் ஒருமுறை போடவில்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் டில்லி முகாமுக்குத் தேர்வாகி ஜனவரி முழுக்க அங்கே இருந்தான். கடிதம் கைக்கு வராததால் தினமும் 'ஆப்சென்ட்' போட்டேன். பிறகு கடிதம் வந்தது. திருத்தச் சோம்பல், மேசை அறையில் போட்டுவிட்டேன். ஆண்டு விழாவில் முழு வருகைக்கான பரிசு வேறொருவனுக்குப் போனது. "பரவாயில்லை சார்" என்றான், அவ்வளவுதான்.

தம்பி, இதைப் படிக்கிறாயா? அந்த வருஷம் நீ ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.