மைதானம் யாருக்குச் சொந்தம்?

ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து கல்கத்தா நகருக்குச் சென்றிருந்தோம். தாகூர் பிறந்த இல்லத்தையும் கல்லூரி வீதியின் பழைய புத்தகக் கடைகளையும் காண்பதே எமது நோக்கம். ஆயின், உதைபந்தாட்டம் ஒன்றைப் பாராது ஊர் திரும்பினால் இந்நகரைப் பார்த்ததாகாது என்று விடுதி ஊழியர் ஒருவர் வற்புறுத்தி, ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் லீக் ஆட்டம் ஒன்றுக்கு எம்மை அழைத்துச் சென்றார்.

மழை பெய்து ஓய்ந்த மாலை. புற்றரை முழுதும் சேறு. சுமை தூக்குவோரும் எழுதுவினைஞரும் மாணவரும் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தனர். வெல்பவர் யார் என்பதிலும், இம்மக்கள் இந்நிலத்தைத் தமதாக்கிக்கொண்டது எங்ஙனம் என்னும் வினாவே எம்மைப் பற்றிக்கொண்டது.

கல்கத்தா மைதானம் விளையாட்டுக்கென உண்டாக்கப்பட்டதன்று. வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னே தடையற்ற வெளி வேண்டுமென்று கும்பினியார் காடு வெட்டித் திருத்திய நிலம் அது. இன்றும் அது இராணுவத்தின் பொறுப்பிலேயே உள்ளது. அங்குள்ள கழகங்களின் இருப்பிடங்கள் 'கூடாரங்கள்' என்றே வழங்கப்படுகின்றன.

பீரங்கிக்கென ஒதுக்கிய அவ்வெளியிலேதான் 1911 யூலை 29 ஆம் நாள் மோகன் பகான் கழகம் கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். 1905 இன் வங்கப் பிரிவினையால் மக்கள் கொதித்திருந்த காலம் அது. அவ்வாண்டு டிசம்பரில் பிரிவினை நீக்கப்படுவதும் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுவதும் அறிவிக்கப்பட்டன. ஓர் ஆட்டத்தின் பயனாகவே இவை நிகழ்ந்தன என்பது மிகை. ஆயினும், ஆள்வோன் வெல்லப்படக் கூடியவன் என்பதை மக்கள் தம் கண்களாற் கண்டனர்.

பின்னர் அம்மைதானத்திலே வேறு குரல்களும் எழுந்தன. 1934 முதல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் முஸ்லிம் மக்களுக்குப் பெருமிதம் அளித்தது. 1920 இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகமோ, 1947 இல் நாடு துண்டாடப்பட்டபின், எல்லை கடந்து வந்த அகதிகளின் கழகமாயிற்று.

எம்மருகில் அமர்ந்திருந்த முதியவரின் தந்தையார் பரிசாலிலிருந்து வந்தவராம். வீடும் ஆறும் போயின. மகனுக்குக் கொடுக்க இக்கழகமே எஞ்சியிருந்தது என்று தந்தையார் சொல்வாராம். அதைக் கேட்டதும் எம் தந்தையாரை நினைத்துக்கொண்டோம். 1983 யூலையிலே வெள்ளவத்தையில் வீட்டை இழந்து, கப்பலேறி வடக்கே சென்றவர் அவர். இதனை யாம் கூறியபோது முதியவர் ஒன்றும் பேசவில்லை. தம் கையிலிருந்த கடலையில் பாதியை எம் கையிற் கொட்டினார்.

ஆயின், அடையாளம் ஆறுதல் தருவதோடு நின்றுவிடுவதில்லை. 1980 ஓகஸ்ட் 16 ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது கிளர்ந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். ஆள்வோரை எதிர்க்கக் கற்றுத்தந்த அதே ஆட்டம், ஒரே நகரின் உழைப்பாளரை ஒருவருக்கொருவர் பகைவராக்கவும் வல்லது.

அது விதியன்று என்பதற்கும் அந்நகரமே சான்று. 2024 ஓகஸ்டில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொலைசெய்யப்பட்டார். நகரே கொந்தளித்தது. 18 ஆம் நாள் நடைபெறவிருந்த அவ்விரு கழகங்களின் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அன்று, பகைக் கழகங்களின் ஆதரவாளர் சோல்ட் லேக் விளையாட்டரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டனர். பொலிசாரின் தடியடி, எக்கழகத்தவர் என்று பார்த்து விழவில்லை.

இதனை எம் நகரோடு ஒப்பிடாதிருக்க முடியுமா? 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர், கொல்வின் ஆர். டி சில்வா தலைமை தாங்கிய சங்கத்தின் கீழ் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பகுதியினர் இந்தியாவிலிருந்து வந்தோர். 1923 இன் பொது வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஏ. ஈ. குணசிங்கவே இம்முறை மலையாளத் தொழிலாளருக்கெதிரான இனவுணர்வைத் தூண்டி அதனை உடைக்க முற்பட்டார். தொழிலாளியை இனத்தாற் பிரிக்கும் அரசியல் அன்றே வெள்ளவத்தையிற் கால்கொண்டது. ஐம்பது ஆண்டுகளின்பின் அதே வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளை நினைக்கும்போது, அவ்விதை சிறியதன்று என்பது விளங்கும். இன்று அவ்வாலை இல்லை. அந்நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன.

ஊர் திரும்பிய மறுவாரம் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் சிறுவர் சிலர் பந்துதைப்பதைக் கண்டோம். துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள். தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே கூவினர். எவர் எவ்வினத்தவர் என்று அறிய இயலவில்லை. அவர்களும் அதுபற்றிக் கவலைப்படவில்லை. வாகனம் வரும்போதெல்லாம் ஆட்டம் நின்றது; ஏனெனில் அவர்களுக்கு மைதானம் இல்லை.

அவர்களுக்கு ஒரு திடல் வேண்டுமென்று கேட்பது ஆசிரியராகிய எம் கடமை. அத்திடலிலே அவர்களை இனவாரியாக அணிபிரிக்க எவரேனும் வருவாராயின், அவரைத் தடுத்து நிறுத்துவது அதனினும் பெரிய கடமை. 1933 இன் கதையை வகுப்பறையிலே சொல்லத் தொடங்குவோம்.